ஊர் அருங்காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நகரங்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து ஓர் அருங்காட்சியகம் தொடங்கும்போது, தொடங்குபவர்களுக்கும் பொருள் கொடுக்க வருபவர்களுக்கும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியவை.

கவர்மென்ட் மியூசியம்தான் இருக்கே, ஊருக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு?

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910-இல். செப்புத் திருமேனி, கல்வெட்டு, நாணயம், பாடம் செய்த விலங்கு என்று அங்கே இருப்பவற்றை ஓர் ஊர்க்குழு சேர்க்கவும் முடியாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் உங்கள் ஊர்த் தறிக்காரரின் கூலி நோட்டு, மூடிப்போன டூரிங் டாக்கீஸின் டிக்கெட் கட்டு, பீடி சுற்றிய முறம், பெண்கள் பள்ளியின் முதல் வருகைப் பதிவேடு ஆகியவற்றை மாவட்ட அருங்காட்சியகம் தேடி வராது. ஊரில் இருப்பவர்கள் எடுத்து வைக்காவிட்டால் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

உலக அருங்காட்சியகங்கள் மன்றம் 2022 ஆகஸ்டில் செக் நாட்டின் பிராக் நகர மாநாட்டில் ஏற்ற புதிய வரையறை, லாப நோக்கமற்ற, நிலையான, பொதுமக்களுக்குத் திறந்த நிறுவனம் என்பதோடு, சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஊர் அருங்காட்சியகத்துக்கு உயிரே அந்தக் கடைசிப் பகுதிதான்.

பழைய சாமானெல்லாம் சேத்து ஒரு ஹால்ல அடுக்கிட்டா மியூசியம் ஆயிடுமா?

ஆகாது. யாருடையது, எங்கே புழங்கியது, எப்போது வந்தது என்று தெரியாத உரல் வெறும் கல். இன்னாருடைய இட்லிக் கடையில் இத்தனை வருடம் மாவரைத்தது என்று தெரிந்தால்தான் அது ஊரின் சான்று. அதனால் அருங்காட்சியகத்தின் முதல் சொத்து பதிவேடு. கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் அதற்குப் பின்னால்.

இந்த வரிசை மாறிப்போவதுதான் ஊர் அருங்காட்சியகங்களைக் கெடுக்கும் முதல் காரணம். பொருள்கள் வந்து குவியும், எழுதி வைப்போம் என்று தள்ளிப்போடுவார்கள், வாங்கி வைத்தவர் ஊர் மாறிப்போவார். ஆறு மாதத்தில் எந்தக் குத்துவிளக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. எழுதாமல் ஒரு பொருளைக்கூட வாசலைத் தாண்டி உள்ளே எடுக்காதீர்கள்.

பதிவேட்டுல என்னென்ன எழுதணும்? கம்ப்யூட்டர்ல போட்டா போதாதா?

இரண்டும் வேண்டும். தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட கெட்டி நோட்டு ஒன்று. அதில் அழியாத கறுப்பு மையில் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு அடித்துக் கையெழுத்திட்டுத் திருத்துங்கள். ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. அதையே எக்செலில் ஏற்றி மாதம் ஒருமுறை நகல் எடுங்கள். கணினி கெட்டால் நோட்டு, நோட்டு நனைந்தால் கணினி.

எண் மூன்று பகுதியாக இருக்கட்டும். 2025.14.3 என்றால் 2025-ஆம் ஆண்டில் வந்த 14-ஆவது நன்கொடையின் மூன்றாவது பொருள். ஒரு வீட்டிலிருந்து அண்டா, அதன் மூடி, கரண்டி மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரே நன்கொடை எண், மூன்று பொருள் எண். எண்ணுக்கு எதிரே பொருளின் பெயரை உள்ளூர் வழக்கிலேயே எழுதுங்கள். பிறகு செய்த பொருள், நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டரில், தந்தவர், முன்பு வைத்திருந்தவர், எந்த வேலைக்குப் பயன்பட்டது, வந்த தேதி, இருக்கும் நிலை (விரிசல், துரு, பூச்சி அரித்த ஓட்டை), வைத்திருக்கும் அலமாரி. இவற்றோடு இரண்டு கோணத்தில் படம்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதும் விதம் பொருளுக்குப் பொருள் மாறும். உலோகம், மரம், மண்பாண்டம் என்றால் கண்ணில் படாத ஓர் இடத்தில் பாராலாய்ட் பி-72 என்னும் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு சிறு பட்டையாகப் பூசி, காய்ந்ததும் மேலே மையால் எழுதி, இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். பின்னால் வேண்டாம் என்றால் அசிட்டோனிலேயே அழித்துவிடலாம். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி ஓரத்தில் தளர்வாக இரண்டு தையல். காகிதத்துக்குப் பின்புற மூலையில் 2பி பென்சில். நாணயத்தின் மேல் எதுவும் எழுதக் கூடாது, உறையில் எழுதுங்கள். செல்லோடேப், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் மூன்றும் எந்தப் பொருளுக்கும் ஆகாது.

ஆரம்பிக்க என்ன செய்யணும்? பெரிய கட்டடம் வேணுமா?

முதலில் ஒரு சட்ட உருவம். பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவார்கள்; குறைந்தது 7 பேர் வேண்டும். அறக்கட்டளையாகவும் பதியலாம். எதுவானாலும் பொருள்கள் அமைப்பின் சொத்து, தலைவருடைய சொத்து அல்ல என்று விதிகளில் தெளிவாக எழுதுங்கள்.

இருபதுக்குப் பதினைந்து அடி அறை ஒன்று காட்சிக்கும், அதில் பாதி அளவில் இன்னோர் அறை சேமிப்புக்கும் இருந்தால் தொடங்கலாம். ஓட்டை ஒழுகாத மேல்தளமும் கரையான் இல்லாத சுவரும் அழகைவிட முக்கியம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரி நல்லது. புது பிளைவுட் பெட்டி வேண்டாம்: அதன் பசையிலிருந்து கிளம்பும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் உலோகத்தை அரிக்கும். பெயிண்ட் அடித்த அலமாரியை நான்கு வாரமாவது திறந்து காயவிடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். மழைநீர் உள்ளே வரும் நாளில் அந்த அரை அடிதான் காப்பாற்றும்.

எங்க பாட்டியோட சீர்ப் பாத்திரம் இருக்கு, தரலாமா? எங்க வீட்டுப் பேரப் போடுவீங்களா?

தாராளமாகத் தரலாம், பெயரும் போடப்படும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்களே, ஊர் வரலாற்றுக்கு அது பெரிய சான்று. யார் யாருக்குக் கொடுத்தது, கல்யாணத்துக்கா காதுகுத்துக்கா, எந்தத் தேதி என்று விளிம்பில் ஒரே வரியில் இருக்கும். எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதுகூட அதிலிருந்து தெரியவரும். பெண்களின் பெயர் பொதுவில் எழுதப்பட்ட இடங்கள் அந்தக் காலத்தில் குறைவு. சீர்ப் பாத்திரம் அவற்றில் ஒன்று.

கொடுக்கும்போது நன்கொடைப் பத்திரம் ஒன்றில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பொருளின் விவரம், கொடுப்பவருக்கு அதில் முழு உரிமை உண்டு என்ற உறுதி, உரிமை அமைப்புக்கு மாறுகிறது என்ற வரி, பெயர் போடலாமா கூடாதா என்ற விருப்பம் நான்கும் அதில் இருக்கும். அண்ணன் தம்பி நடுவே பாகம் பிரியாத சொத்தாக இருந்தால் எல்லோரும் கையெழுத்திடட்டும். "எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்" என்ற நிபந்தனையை மட்டும் எந்த நல்ல அருங்காட்சியகமும் ஏற்காது, ஏனென்றால் காட்சி மாறும், பொருளுக்கும் ஓய்வு வேண்டும். பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகை இல்லை. அது பணமாகத் தருவதற்கு மட்டும்தான், அதுவும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் அங்கீகாரம் இருந்தால்.

குடுத்தத அப்புறம் திருப்பிக் கேட்டா குடுப்பீங்களா?

நன்கொடையாகக் கொடுத்தது திரும்பாது. மனம் ஒப்பவில்லை என்றால் இரவலாகக் கொடுங்கள். இரவல் பத்திரத்தில் தேதி குறித்திருக்க வேண்டும், ஓராண்டு அல்லது மூன்றாண்டு. முடிந்ததும் புதுப்பிக்கலாம் அல்லது எடுத்துப் போகலாம். "நிரந்தர இரவல்" என்று எழுதுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுத்தவர் காலமான பின் வாரிசுகளுக்கும் அமைப்புக்கும் நடுவே வழக்காக முடியும் சொல் அது.

பாத்திரத்தப் புளி போட்டுப் பளபளன்னு தேச்சுக் குடுக்கட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். புளியில் உள்ள அமிலம் கறுத்த மேற்படலத்தைக் கரைக்கிறது, சாம்பலும் செங்கல்பொடியும் உலோகத்தையே சுரண்டுகின்றன. சீர்ப் பாத்திரம் பற்றிய பதிலில் சொன்ன புள்ளியெழுத்துகள் ஒவ்வொரு துலக்கலிலும் ஆழம் குறைந்து கடைசியில் தடவினாலும் தட்டுப்படாமல் போகும். எழுத்தின் குழிகளில் தங்கும் புளிச்சக்கை பிறகு பச்சையாகப் பூக்கும்.

வீட்டில் இருந்தபடியே, அடிக்கரியோடு கொண்டு வாருங்கள். அடிக்கரி விறகடுப்பில் புழங்கியதற்குச் சான்று. இங்கே மென்மையான உலர்ந்த தூரிகையாலும் பருத்தித் துணியாலும் தூசி மட்டும் எடுக்கப்படும். வியர்வையின் உப்பு பித்தளையில் விரல் ரேகையாகப் பதிந்துவிடும் என்பதால் கையுறை போட்டுத் தொடுவார்கள். பழைய வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு, துடைத்துத் தீராது. அந்தப் பொருளைத் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரை அழையுங்கள்.

பரண்ல ஓலைச்சுவடிக் கட்டு ஒண்ணு கெடந்துச்சு. எண்ணெய் தடவலாமா?

பார்க்காமல் தடவ வேண்டாம். முதலில் கட்டின் படத்தை எடுங்கள், அவிழ்த்த பின் ஏடுகளின் வரிசை கலைந்தால் அந்தப் படம்தான் துணை. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். மென்தூரிகையால் தூசியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. கீறிய எழுத்துள்ள, காய்ந்து விறைத்த ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் மெல்லத் தடவுவது வழக்கம். ஆனால் மேலே வண்ணமோ மையெழுத்தோ இருந்தால் எண்ணெய் அதைக் கலைத்துவிடும். மரச் சட்டம் இரண்டுக்கு நடுவே வைத்து, இறுக்காமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

வீட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் வைத்தியம், சோதிடம், கணக்கு, பாராயண நூல்கள் இருக்கும். படிக்கத் தெரியாததால் மதிப்பில்லை என்று எண்ண வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித் துறை போன்ற இடங்களில் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போட்டா போதுமா?

போதாது. நாப்தலீன் ஆவி பார்வையாளருக்கும் வேலை செய்பவருக்கும் நல்லதல்ல. உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்லும் என்ற உறுதியும் இல்லை. மரத்தின் அடியில் மாவு போலத் தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். புதிதாக வரும் மரம், துணி, காகிதம் எதையும் நேரே சேமிப்பறைக்குக் கொண்டுபோகாமல் தனி அறையில் இரண்டு மூன்று வாரம் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தூள் விழுந்தால் தெரிந்துவிடும்.

பூச்சி பிடித்த துணி, புத்தகம், சிறு மரச்சாமானுக்கு ஃப்ரீசர் போதும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இரண்டு வாரம். நடுவில் நெடுநேரம் கரண்ட் போய்க் குளிர் விட்டால் நாள் கணக்கை முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வைக்க வேண்டும். உடனே திறந்தால் பொருளின் மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். தஞ்சாவூர் ஓவியம், கண்ணாடி, தந்தம், இழுத்துக் கட்டிய தோல் வாத்தியம் ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

ஏன் இவ்வளவு மங்கலா வெச்சிருக்கீங்க? லைட்டு போடக் கூடாதா?

காகிதம், துணி, புகைப்படம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் வரைதான் வெளிச்சம் தரலாம்; மரம், எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 வரை. ஒளியால் வெளுத்த சாயம் திரும்பி வராது. கல்லுக்கும் உலோகத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவற்றை ஜன்னலோரம் வைக்கலாம். கண்டாங்கிச் சேலை மூன்று மாதம் காட்சியில் இருந்தால் பிறகு மடிப்பில்லாமல் உருளையில் சுற்றி இருட்டில் ஓய்வு.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்போ பானையில காசு கெடச்சுது. உங்ககிட்ட குடுத்துடலாமா?

எங்களிடம் அல்ல. புதையல் சட்டம் 1878-இன்படி மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் வழியாகத் தெரிவிப்பது எளிது. தெரிவித்தவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. மறைத்தால் உரிமையும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. காசைக் கழுவாதீர்கள், பானையை உடைக்காதீர்கள், கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

சிலைகளுக்குத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972 பொருந்தும். 100 ஆண்டு கடந்தது தொல்பொருள். சுவடி, ஆவணம் என்றால் 75 ஆண்டு. கல், உலோகம், சுடுமண், மரச் சிற்பங்களும் ஓவியங்களும் பதிவு செய்யப்பட வேண்டியவை, கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத சாமி சிலையை எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஏதோ ஒரு கோயில் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

தாத்தாவோட மான் கொம்பு, நாட்டுத் துப்பாக்கி?

மான் கொம்பு, தந்தம், புலிநகம் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-க்குள் வரும். உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அன்பளிப்பாகக் கைமாற்றவும் முடியாது. வனத்துறையைக் கேளுங்கள். துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் 1959. காவல் நிலையத்தைக் கேளுங்கள்.

போட்டோவக் குடுக்க மனசு வரல. பாத்துட்டுத் தந்துடுவீங்களா?

அதுவே போதும். உங்கள் கண் முன்னாலேயே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து திருப்பித் தரப்படும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது கட்டாயம், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் எழுதிய ஆண்டும் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு எடுப்பார்கள். மூலக் கோப்பு டிஃப் (TIFF) வடிவில், கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாக. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள். வேலைக்காரர், வண்டியோட்டி, ஆயா என்று ஓரத்தில் நிற்பவர்களின் பெயரையும் கேளுங்கள். அவர்களை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பெரியவங்க பேசுறத செல்போன்ல பதிவு பண்ணலாமா?

பண்ணலாம். ஃபேனையும் மிக்சியையும் நிறுத்தி, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வேவ் (WAV) வடிவில் பதிவாகும் செயலி நல்லது. தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயர். முடிந்ததும் ஒப்புதல் படிவம்: பொதுவில் வைக்கலாமா, இத்தனை வருடம் பூட்டி வைக்க வேண்டுமா, எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும். எழுத்தாக்கும்போது வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். அவர் சொன்ன தொழிற்சொல் அகராதியில் இல்லாததாக இருக்கலாம்.

எங்க சாதிக்காரங்க பொருளு ஒண்ணும் இங்க இல்லயே?

இந்தக் கேள்வி வந்தால் அந்த அருங்காட்சியகம் உடனே தன் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தந்தவர்களின் தெருப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். நான்கு தெருவிலிருந்து மட்டுமே பொருள் வந்திருந்தால் அது நான்கு தெருவின் அருங்காட்சியகம். பித்தளையும் தேக்கும் தங்கும், கூலிக்காரர் வீட்டு மண்சட்டியும் ஓலைப்பெட்டியும் தங்காது. அதனால் தேடிப் போய்க் கேட்கவேண்டும், பொருள் இல்லாத இடத்தில் குரலைப் பதிய வேண்டும். பொறுப்புக் குழுவிலும் அந்தத் தெருக்காரர்கள் இருக்க வேண்டும், அழைப்பிதழில் மட்டும் போதாது.

1885 முதல் மெட்ராஸ் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து பட்டியல் போட்டார். ஊர் அருங்காட்சியகம் அதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும். ஒரு சமூகத்தைப் பற்றிய விளக்க அட்டையை அச்சுக்குப் போகும் முன் அந்தச் சமூகத்தினரிடமே, வயது வேறுபட்ட சிலரிடமாவது, படித்துக் காட்டுங்கள். டீக்கடைத் தனிக்குவளை போன்ற பொருளை வைத்தால் "அக்காலப் பழக்கம்" என்று மழுப்பாமல், யார் யாரை எப்படி நடத்தினார்கள் என்று எழுதுங்கள்.

ஊர்ப் பேரக் கெடுக்கிற விஷயத்த எதுக்குக் காட்டணும்?

சிவகாசியை எடுத்துக்கொள்வோம். 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், அதையொட்டி வளர்ந்த லேபிள் அச்சு, பட்டாசு எல்லாம் பெருமைக்குரியவை. அதே தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததும், அது பற்றிய வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் வரலாறுதான். வண்ண லேபிளை மட்டும் காட்டினால் குச்சி அடுக்கிய கைகள் காணாமல் போகும். அந்த வேலை செய்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள், காட்சியைப் பார்க்க வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்கக்கூடிய விளக்க அட்டை வேண்டும். (தீப்பெட்டி சேர்ப்பவர்களுக்கு: குச்சிகளை எடுத்துவிட்டுக் காலிப் பெட்டியை மட்டும் வையுங்கள். பழைய குச்சியும் பற்றும்.)

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 1994-இல் திறந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம், நிறவெறி அரசு வெளியேற்றிய மக்கள் தங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதும்படி தரையில் பெரிய தெருவரைபடத்தை விரித்தது. அந்த இழப்பைச் சொல்வதுதான் அதன் வேலையே.

நெறய பணம் குடுத்தவரு அவங்க அப்பா படத்தப் பெருசா வைக்கச் சொல்றாரு. என்ன பண்றது?

நன்கொடையாளர் பலகையில் பெயர் போடலாம், காட்சியை முடிவு செய்யும் உரிமை தரக் கூடாது. இதைப் பணம் வாங்கும் முன்பே ஒரு பக்கக் கொள்கையாக எழுதி வாசலில் ஒட்டுங்கள். வாங்கிய பிறகு சொன்னால் சண்டை. எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம், எதற்குப் பெயர் போடுவோம் என்று மூன்று தலைப்பு போதும். அரசியல் தலைவர், சாதிச் சங்கம், கோயில் கமிட்டி எல்லோருக்கும் அதே தாள்தான்.

தொறந்த புதுசுல கூட்டம், அப்புறம் ஈ காக்கா இல்ல. எப்படி ஆளைக் கொண்டு வர்றது?

காட்சி மாறாததே முதல் காரணம். வாஷிங்டனின் அனகோஸ்டியா அருங்காட்சியகம் 1967-இல் பழைய சினிமா கொட்டகை ஒன்றில் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எலித் தொல்லையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு 1969-இல் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. உங்கள் ஊரில் தண்ணீர் பிரச்சினை என்றால் கிணறு, ஏற்றம், கண்மாய் மடை, தண்ணீர் லாரி டோக்கன் என்று ஒரு மூலையை வையுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மேசை மாறினாலும் போதும்.

சந்தை நாளில் திறந்திருங்கள், ஞாயிறு மாலை திறந்திருங்கள். அலுவலக நேரம் மட்டும் திறந்தால் கூலிக்குப் போகிறவர் எப்போதும் பார்க்க மாட்டார். விளக்க அட்டை எழுபது சொல்லைத் தாண்ட வேண்டாம், எழுத்து கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு, சக்கர நாற்காலியில் வருபவர் கண்ணுக்கும் எட்டும் உயரம்.

நடத்துற ஆளுக்கு அப்புறம் இது என்னாகும்?

பல முயற்சிகள் இங்கேதான் சிதறிப்போகின்றன. அமைப்பைக் கலைத்தால் பொருள்கள் எங்கே போகும் என்று பதிவின்போதே விதியில் எழுதுங்கள்: அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கோ, அரசு அருங்காட்சியகத்துக்கோ, கல்லூரிக்கோ. உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்றும் எழுதுங்கள். இரவல் பொருள்களை உரிமையாளருக்குத் திருப்பவும், ஒலிப்பதிவுகளின் ஒப்புதல் நிபந்தனைகள் புதிய இடத்திலும் செல்லவும் தனித்தனி வரி வேண்டும். அலமாரிச் சாவி இரண்டு பேரிடம், பதிவேட்டு நகல் மூன்றாமவரிடம். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லாதவற்றைப் பொதுக்குழுவில் படியுங்கள்.